‘ஆமீன்’ எனும் முத்திரை

 

மாலை மதரஸாவில் ஓதும் சிறுவன் ஒருவன் ஒருநாள் பாடம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பின்பும் கிதாபை மூடி வைத்துக்கொண்டு தயங்கி நின்றான். “என்னப்பா?” என்றேன். “ஹஜ்ரத், எங்க வகுப்புல ஒரு கூட்டாளி இருக்கான். அவங்க மாதா கோயில்ல ‘ஆமென்’னு சொல்வாங்களாம். நாம ‘ஆமீன்’னு சொல்றோம். யாரைப் பார்த்து யாரு சொன்னது?” என்று கேட்டான்.

நல்ல கேள்வி. மறுநாள் எல்லாப் பிள்ளைகளும் கேட்க விடை சொல்வதாகக் கூறி அனுப்பினேன். மறுநாள் விடை சொல்லும் முன், நான் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டேன்: “இப்போது மஃரிபு தொழுகையில் இமாம் ஸூரத்துல் ஃபாத்திஹா ஓதி முடித்ததும் ஆமீன் சொன்னீர்களே, எதற்காகச் சொன்னீர்கள்? என்ன கேட்டதற்கு ஆமீன்?” வகுப்பு முழுவதும் மௌனம். கடைசியில் ஒரு பிள்ளை எழுந்து, “எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன் ஹஜ்ரத்” என்றது.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரியவர்களாகிய நம்மில் எத்தனை பேர் இதற்கு வேறு விடை வைத்திருக்கிறோம்? நிக்காஹ் சபையில், ஜனாஸா வீட்டில், ஜும்ஆ மேடையின் கீழே, தராவீஹ் முடிந்த இரவில் எத்தனை ஆயிரம் ஆமீன்கள் நம் நாவிலிருந்து போயிருக்கும்! அவற்றில் எத்தனை, இன்னது கேட்கப்பட்டது என்று அறிந்து சொல்லப்பட்டவை? ஆகவே இந்தச் சிறு சொல்லின் பொருள் என்ன, அது எங்கிருந்து வந்தது, அதைச் சொல்பவர் மீது என்ன பொறுப்பு விழுகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வேர்ச்சொல்லும் அதன் கிளைகளும்

அரபி மொழியில் ஹம்ஸா, மீம், நூன் என்ற மூன்று எழுத்துக்களைக் கொண்ட வேர் ஒன்று உண்டு. அச்சமின்மை, உறுதி, நம்பிக்கை ஆகிய பொருள்கள் அதில் அடங்கியிருக்கின்றன. நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் சொற்கள் பல இந்த ஒரு வேரில் முளைத்தவையே. ‘அம்ன்’ என்றால் பாதுகாப்பு. ‘ஈமான்’ என்றால் உறுதியான நம்பிக்கை. அந்த நம்பிக்கையை உடையவர் ‘முஃமின்’; நாம் பேச்சில் மூமின் என்கிறோம். அபயம் அளிப்பவன் என்ற பொருளில் ‘அல் முஃமின்’ என்பது அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்று. ஒருவரை நம்பி ஒப்படைக்கும் பொருள் ‘அமானத்’. தமிழ் முஸ்லிம்களின் நாவில் அது அமானிதம். நம்பத் தகுந்தவர் ‘அமீன்’. நபிப்பட்டம் கிடைக்கும் முன்பே மக்கா வாசிகள் நம் நாயகம் (ஸல்) அவர்களை ‘அல் அமீன்’ என்றுதான் அழைத்தார்கள். அவர்களின் அருமைத் தாயாரின் பெயர் ‘ஆமினா’. அச்சமற்றிருப்பவர் என்று பொருள்.

இந்த வேர் முஸ்லிம்களின் வீட்டோடு நிற்கவில்லை. பாரசீகம், உருது வழியாக அரசாங்க அலுவல்களிலும் புகுந்து தமிழில் கலந்துவிட்டது. நீதிமன்றத்தின் ஆணையைக் கொண்டுவந்து நிறைவேற்றும் ஊழியரைத் தமிழ்நாட்டில் ‘அமீனா’ என்கிறார்களே, அது ‘அமீன்’ என்ற அதே சொல்தான். ‘அமீனா வருகிறார்’ என்றால் வீட்டில் நடுக்கம் பிறக்கிறது. ஆனால் சொல்லின் பொருளோ, நம்பி அனுப்பப்பட்டவர் என்பது! பழைய வருவாய்த் துறைக் கணக்குகளில், குத்தகைக்கு விடாமல் அரசாங்கமே நேராகப் பார்த்துக்கொள்ளும் முறைக்கு ‘அமானி’ என்று பெயர். அதுவும் இந்தக் குடும்பத்துச் சொல்லே.

இனி ‘ஆமீன்’ என்பதற்கு வருவோம். ‘யா அல்லாஹ்! ஏற்றுக்கொள்வாயாக’ என்பதே இதன் பொருள் என்று பெரும்பாலான உலமாக்கள் கூறுகிறார்கள். ‘அவ்வாறே ஆகட்டும்’ என்றும் சிலர் பொருள் சொல்லியிருக்கிறார்கள். அரபி இலக்கண நூலோர் இதை ‘இஸ்மு ஃபிஅல்’ என்ற வகையில் சேர்ப்பார்கள். அதாவது வடிவத்தில் பெயர்ச்சொல், வேலையில் வினைச்சொல். ஒரே சொல்லில் ஒரு முழு வாக்கியம் அடங்கியிருக்கிறது. சொல்லின் வேரில் நம்பிக்கை. சொல்லின் பொருளில் வேண்டுதல். நம்பி வேண்டுவதே ஆமீன்.

மூஸா நபியின் சமூகத்திலும் இச்சொல்

‘ஆமீன்’ என்ற சொல்லின் ஓசை அமைப்பு அரபிச் சொற்களுக்கு இயல்பான அமைப்பன்று என்பதை நம் முன்னோர்களான அரபி மொழி வல்லுநர்களே கவனித்திருக்கிறார்கள். ஹாபீல், காபீல் என்ற பெயர்களைப் போன்ற அமைப்பு இது. அவையும் அரபிக்கு வெளியிலிருந்து வந்த பெயர்களே. எனவே இச்சொல் அரபியின் உடன்பிறந்த மொழிகளிலிருந்து வந்திருக்கலாம் என்று அவர்களில் சிலர் கருதினர்.

அரபிக்கு உடன்பிறப்புகளான மொழிகள் பல. பனூ இஸ்ராயீல்களின் ஹீப்ரு மொழியும், அரமேய மொழியும், அதன் கிளையான சுரியானி மொழியும் அவற்றுள் அடங்கும். ஹீப்ருவிலும் அதே மூன்று எழுத்துக்கள் கொண்ட வேர் உண்டு; அங்கும் உறுதி என்பதே பொருள். நாம் ‘ஈமான்’ என்பதை அவர்கள் ‘எமூனா’ என்கிறார்கள். நாம் ‘ஆமீன்’ என்பதை அவர்கள் ‘ஆமேன்’ என்கிறார்கள். சுரியானி மொழியில் அது ‘ஆமீன்’ என்றே ஒலிக்கிறது. அந்த வழியாகவே இவ்வடிவம் அரபிக்கு வந்ததென்பது மொழியாய்வாளர் பலரின் கருத்து.

இன்று யூதர்களிடமும் கிறித்தவர்களிடமும் உள்ள பழைய வேதநூலில், மூஸா (அலை) அவர்களின் சமூகத்தார் கூடியிருக்க, தீமை செய்பவர்கள் மீது சாபங்கள் ஒவ்வொன்றாகக் கூறப்பட்டதாகவும், ஒவ்வொன்றுக்கும் மக்கள் அனைவரும் ஆமேன் சொல்ல வேண்டுமென்று விதிக்கப்பட்டதாகவும் ஒரு பகுதி வருகிறது. உபாகமம் என்ற அந்நூலின் 27-ஆம் அதிகாரத்தில் 12 முறை இச்சொல் இடம்பெறுகிறது. ‘நான் இந்தத் தீமையைச் செய்தால் இந்தச் சாபம் என்னையே சேரட்டும்’ என்று ஒவ்வொருவரும் ஒப்புக்கொள்வது அதன் கருத்து. கையெழுத்திடத் தெரியாத காலத்தில் ஆமேன் என்பதே அவர்களின் கையெழுத்தாக இருந்தது.

ஹீப்ரு வேதநூல் அலெக்சாந்திரியா நகரில் கிரேக்க மொழிக்கு மாற்றப்பட்டபோது, பெரும்பாலான இடங்களில் ‘ஆகட்டும்’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லைப் போட்டார்கள். பின்னர் கிறித்தவர்கள் மொழிபெயர்க்காமல் மூலச்சொல்லையே வைத்துக்கொண்டார்கள். அவர்களிடமுள்ள சுவிசேஷங்களில் ஈஸா (அலை) அவர்கள் தம் பேச்சின் தொடக்கத்திலேயே இச்சொல்லைச் சொல்வதாக வருகிறது. தமிழில் அதை ‘மெய்யாகவே’ என்று பெயர்த்திருக்கிறார்கள். கிரேக்கம், இலத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகள் எல்லாவற்றுக்கும் சென்ற அந்தச் சொல்லே, தமிழ்க் கிறித்தவர்களின் நாவில் ‘ஆமென்’ என்று வழங்குகிறது.

இஸ்லாம் சென்ற மொழிகளிலும் ‘ஆமீன்’ புதுப்புதுக் கிளைகள் விட்டது. உருது பேசும் வீடுகளில் பிள்ளை திருக்குர்ஆனை ஓதி முடிக்கும்போது நடத்தும் விழாவுக்கே ‘ஆமீன்’ என்று பெயர். துருக்கியில் உஸ்மானிய ஆட்சிக் காலத்தில், முதன்முதலாக ஓதப்போகும் பிள்ளையைப் பாட்டுப் பாடி ஊர்வலமாக அழைத்துச் செல்வார்கள். கூடச் செல்லும் சிறுவர்கள் உரக்க ஆமீன் சொல்வார்கள். அதை ‘ஆமீன் ஊர்வலம்’ என்றே அழைத்தார்கள். மலாய் மொழியில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஆமோதித்தால், ‘மெங்ஙாமின்கான்’, அதாவது அதற்கு ஆமீன் சொன்னார் என்பார்கள். மலேசியா சென்று வந்த நம் ஊர்க்காரர்கள் இதைக் கேட்டிருக்கக்கூடும். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் ‘அமினி’ என்றால் நம்பு; ‘அமினா’ என்றால் ஆமீன்.

யாரைப் பார்த்து யார் சொன்னது?

இப்போது அந்தச் சிறுவனின் கேள்விக்கு விடை சொல்லலாம். யாரும் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, மகனே! மூஸா (அலை) அவர்களும் ஈஸா (அலை) அவர்களும் நம்முடைய நபிமார்கள். அவர்களை ஏற்காதவன் முஸ்லிமே அல்லன். அந்த நபிமார்கள் பேசிய மொழிகளும் நம் நாயகம் (ஸல்) அவர்கள் பேசிய மொழியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரே கிணற்று நீரை மூன்று வீட்டார் மொண்டு குடித்தால், ஒருவர் இன்னொருவரின் குடத்திலிருந்து திருடினார் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இதற்குத் திருமறையின் விளக்கவுரைகளிலும் அழகான சான்று இருக்கிறது. யூனுஸ் ஸூராவின் 88-ஆம் வசனத்தில், ஃபிர்அவ்னுக்கு எதிராக மூஸா (அலை) அவர்கள் கேட்ட துஆ வருகிறது. கேட்டவர் ஒருவர். ஆனால் அடுத்த வசனத்தில் அல்லாஹ் பதிலளிக்கும்போது, உங்கள் இருவரின் துஆ ஏற்கப்பட்டது என்ற கருத்தில் இருமைச் சொல்லைப் பயன்படுத்துகிறான். ஒருவர் கேட்க, இருவருக்கு எப்படிப் பதில்? மூஸா (அலை) அவர்கள் துஆ கேட்டார்கள். அருகிலிருந்த ஹாரூன் (அலை) அவர்கள் ஆமீன் சொன்னார்கள். ஆமீன் சொன்னவரும் துஆ கேட்டவரே என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். ஆமீனின் தகுதி எத்தகையது என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இரண்டு வீண் சந்தேகங்களையும் இங்கே தீர்த்துவிடுவோம். ‘ஆமீன் என்பது பழைய எகிப்தியரின் அமூன் என்ற தெய்வத்தின் பெயர், அதைச் சொல்வது இணைவைத்தல்’ என்று சிலர் பரப்புகிறார்கள். கேட்ட பெண்மணிகள் சிலர் பயந்துபோய் நம்மிடம் வந்து விசாரித்ததும் உண்டு. இதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்த எகிப்தியப் பெயருக்கு மறைந்திருப்பது என்று பொருள்; ஆமீனின் வேருக்கோ உறுதி, நம்பிக்கை என்று பொருள். பனூ இஸ்ராயீல்களின் நூலில் அந்த எகிப்தியத் தெய்வத்தின் பெயர் கண்டனத்தோடு வருகிறது. அங்கே அது ஆமேன் என்ற சொல்லினின்றும் வேறான எழுத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஓசை ஒத்திருப்பதால் மட்டும் உறவு ஏற்பட்டுவிடாது.

அவ்வாறே, ‘ஆமீன் என்பது தமிழ்ச் சொல், ஆம் என்பதிலிருந்து பிறந்தது’ என்று கூறி மகிழ்பவர்களும் உண்டு. தமிழின் ‘ஆம்’ என்பது ‘ஆகும்’ என்பதன் சுருக்கம். ஆகு என்ற வினையில் பிறந்தது. அதன் குடும்பம் வேறு, இதன் குடும்பம் வேறு. தாய்மொழிப் பற்று நல்லதுதான்; அதற்காக இல்லாத உறவைக் கற்பிக்க வேண்டியதில்லை.

மூன்று உச்சரிப்புகள்

இச்சொல்லை உச்சரிப்பதில் நம் மக்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நல்லவேளையாக, வேறுபாட்டைக் காட்டும் வசதி தமிழ் எழுத்துக்கு இருக்கிறது.

ஆமீன் என்று முதலெழுத்தை நீட்டிச் சொல்வதே சிறந்தது. அமீன் என்று குறிலாகச் சொல்வதும் அரபியரிடம் வழக்கிலுள்ளதே, அது பிழையன்று. ஆனால் ‘ஆம்மீன்’ என்று மீம் எழுத்தை அழுத்திச் சொன்னால் அது வேறு சொல்லாகிவிடும். நாடிச் செல்பவர்கள் என்பது அதன் பொருள். மாயிதா ஸூராவின் 2-ஆம் வசனத்தில், கஃபாவை நாடிச் செல்பவர்களைக் குறிக்க அச்சொல் வந்திருக்கிறது. இப்படி அழுத்திச் சொல்வது பிழை என்று இமாம் நவவீ (ரஹ்) முதலானோர் எச்சரித்திருக்கிறார்கள். திருக்குர்ஆனில் உள்ள சொல்லாகவே அது இருப்பதால் தொழுகை முறிந்துவிடாது என்று ஹனஃபி கிதாபுகளில் ஃபத்வா கூறப்பட்டுள்ளது. எனினும் தெரிந்த பின்னும் பிழையாகவே சொல்லிக்கொண்டிருப்பது முறையன்று. கூட்டமாகச் சொல்லும் உற்சாகத்தில் பிள்ளைகள் இப்படி அழுத்துவது வழக்கம். தாய்மார்கள் வீட்டிலேயே திருத்திவிடலாம்.

ஆமீன் என்பது திருக்குர்ஆனின் வசனமன்று என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். முஸ்ஹஃபைத் திறந்து பார்த்தால் ஃபாத்திஹாவின் இறுதியில் அது எழுதப்பட்டிருக்காது. அது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டித்தந்த ஸுன்னத்.

மெதுவாகவா, சப்தமாகவா?

தொழுகையில் இமாம் ஃபாத்திஹாவை ஓதி முடித்ததும் ஆமீன் சொல்லுமாறும், எவருடைய ஆமீன் மலக்குகளின் ஆமீனுடன் ஒத்துப்போகிறதோ அவருடைய முன்சென்ற பாவங்கள் மன்னிக்கப்படும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றதாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ளது. ஒத்துப்போவது என்றால் நேரத்தால் ஒத்துப்போவது என்று சில உலமாக்களும், உள்ளச்சத்தாலும் தூய்மையாலும் ஒத்துப்போவது என்று வேறு சில உலமாக்களும் விளக்கம் தந்திருக்கிறார்கள்.

ஆமீன் சொல்வது ஸுன்னத் என்பதில் நாம் பின்பற்றும் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. சொல்லும் முறையில்தான் வேறுபாடு. ஆமீன் ஒரு துஆ. துஆவைப் பணிவோடும் அந்தரங்கமாகவும் கேட்குமாறு அஃராஃப் ஸூராவின் 55-ஆம் வசனம் பணிக்கிறது. ஆகவே மெதுவாகச் சொல்ல வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வழி. சப்தமாக ஓதும் தொழுகையில் ஆமீனையும் சப்தமாகச் சொல்வது ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகளின் வழி. வாயில் இப்னு ஹுஜ்ர் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஒரு வழியாக வரும்போது, நாயகம் (ஸல்) அவர்கள் குரலை உயர்த்தியதாகவும், இன்னொரு வழியாக வரும்போது தாழ்த்தியதாகவும் வந்திருக்கிறது. எந்த அறிவிப்பு வலுவானது என்று ஹதீஸ் கலை மேதைகள் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். இரு தரப்பிலும் இருப்பவர்கள் ஸுன்னத்தைத் தேடியவர்களே. இதை நாம் மறந்துவிடக் கூடாது.

எங்கள் லால்பேட்டைப் பள்ளிகளில் ஹனஃபி முறைப்படி மெதுவாகச் சொல்லப்படும். சிதம்பரம் தாண்டிக் கடற்கரையில் இருக்கும் பரங்கிப்பேட்டைக்குப் போய் ஷாஃபிஈ இமாமின் பின்னால் தொழுதால் ஆமீன் உரத்து ஒலிக்கும். இரு ஊராரும் காலங்காலமாகப் பெண் கொடுத்தும் எடுத்தும், வியாபாரம் செய்தும் வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் ஆமீன் காதில் விழவில்லையே என்று எந்த மாமனாரும் கோபித்துக்கொண்டதில்லை.

ஆனால் இப்போது சில ஊர்களில் நிலைமை மாறி வருகிறது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த இளைஞர் சப்தமாக ஆமீன் சொல்ல, அருகில் நின்ற பெரியவர் ஸலாம் கொடுத்தவுடன் அவரைக் கடிந்துகொள்ள, வெளியே வந்து இருவரும் ஏசிக்கொண்டதை ஒரு பள்ளியில் நான் கண்ணால் கண்டேன். பாவமன்னிப்புக் கிடைக்க வேண்டிய இடத்திலிருந்து பாவத்தைச் சுமந்துகொண்டு இருவரும் வீடு திரும்பினார்கள்.

இந்தப் பிணக்கு நம் நாட்டில் நீதிமன்றம் வரைக்கும் போனதுண்டு. காசி நகரில் ஒரு பள்ளிவாசலில் உரக்க ஆமீன் சொன்னதற்காகச் சிலர் மீது, தொழுகைக்கு இடையூறு செய்தார்கள் என்று குற்றவியல் வழக்கு தொடரப்பட்டு, 1885-இல் அது அலகாபாத் உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. அலிகார் கல்லூரியை நிறுவிய ஸர் சையித் அஹ்மத் கான் அவர்களின் புதல்வரான நீதிபதி சையித் மஹ்மூத் அந்த அமர்வில் இருந்தார். மற்ற நீதிபதிகளிடமிருந்து மாறுபட்டு அவர் தனியே எழுதிய தீர்ப்புரையில், ஆமீன் என்ற சொல்லின் பிறப்பையே ஆராய்ந்தார். அது அரபிக்கும் ஹீப்ருவுக்கும் பொதுவான சொல் என்றும், அது குர்ஆனில் இல்லாவிடினும் நபிவழியால் நிலைபெற்றது என்றும் எடுத்துக்காட்டினார். வணக்கத்தில் மனத்தூய்மையோடு ஆமீனை உரக்கச் சொல்வது குற்றமாகாது என்பது அவர் கருத்து. 1889-இல் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு, பள்ளிவாசல் முஸ்லிம்கள் அனைவருக்கும் உரியது. இவ்வாறு தூய எண்ணத்தோடு ஆமீன் சொல்பவரைத் தொழவிடாமல் தடுக்க இயலாது என்று வேறொரு வழக்கில் முடிவு செய்தது.

தீர்ப்பு கிடைத்தது, உண்மைதான். ஆனால் சகோதரர்களே, சிந்தியுங்கள்! அல்லாஹ்விடம் ‘ஏற்றுக்கொள்’ என்று சொல்லும் சொல்லை, ஆங்கிலேய நீதிபதிகளின் முன் கொண்டுபோய் வைத்து ‘இதை எப்படிச் சொல்வது?’ என்று நாம் கேட்டு நின்றோமே, அது எவ்வளவு பெரிய தலைகுனிவு! நம்பிக்கை என்ற வேரிலிருந்து பிறந்த சொல், ஒருவர் மீது ஒருவருக்கு நம்பிக்கை இல்லாமற் போனதற்குக் காரணமாயிற்றே! உங்கள் மத்ஹபின்படி மெதுவாகச் சொல்லுங்கள், அல்லது சப்தமாகச் சொல்லுங்கள். அடுத்தவரின் ஆமீனை அல்லாஹ்விடம் விட்டுவிடுங்கள். மறந்து விட்டுவிட்டாலும் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின்படி ஸஜ்தா ஸஹ்வுகூட இல்லாத ஒரு ஸுன்னத்துக்காக, ஹராமான பகையைத் தேடிக்கொள்வது அறிவுடைமையாகாது.

வீட்டில் சொல்லப்படும் ஆமீன்

தொழுகையோடு இது முடிந்துவிடவில்லை. நம் வீட்டுப் பேச்சுக்களுக்கும் ஆமீன் சொல்லப்படுகிறது, சொல்பவர்கள் மலக்குகள்.

அபூஸலமா (ரலி) அவர்கள் வஃபாத்தானபோது வீட்டார் அழுது அரற்றினார்கள். அப்போது நாயகம் (ஸல்) அவர்கள், உங்களுக்காக நல்லதையே வேண்டுங்கள். நீங்கள் சொல்வதற்கு மலக்குகள் ஆமீன் சொல்கிறார்கள் என்ற கருத்தில் எச்சரித்ததாக உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். முஸ்லிமில் உள்ள ஹதீஸ் இது. உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் உங்கள் செல்வங்களுக்கும் எதிராகத் துஆச் செய்யாதீர்கள். அது ஏற்கப்படும் நேரமாக அமைந்துவிடக்கூடும் என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸும் முஸ்லிமில் இருக்கிறது.

தாய்மார்களே! பிள்ளை பாலைக் கொட்டிவிட்டால் ‘நாசமாய்ப் போ’ என்கிறோம். பரீட்சையில் மதிப்பெண் குறைந்தால் ‘நீ எங்கே உருப்படப் போகிறாய்’ என்கிறோம். சொல்லும் நமக்கு அது கோபம். கேட்கும் பிள்ளைக்கு அது வழக்கம். ஆனால் ஆமீன் சொல்லும் மலக்குக்கு அது ஒரு வேண்டுதல். இனிமேல் கோபம் வரும்போது ‘உன்னை அல்லாஹ் ஸாலிஹாக்கி வைக்கட்டும்’ என்று திட்டிப் பாருங்கள்! கோபமும் தீரும், துஆவும் சேரும்.

இதே ஹதீஸ்களில் ஆறுதலும் இருக்கிறது. ஒரு முஸ்லிம் தன் சகோதரனுக்காக, அவன் எதிரில் இல்லாதபோது துஆச் செய்தால், அதற்கென நியமிக்கப்பட்ட மலக்கு ‘ஆமீன், உனக்கும் அதுபோல் கிடைக்கட்டும்’ என்ற கருத்தில் கூறுவதாக அபுத்தர்தா (ரலி) அவர்களின் அறிவிப்பு முஸ்லிமில் வந்துள்ளது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உழைக்கும் கணவருக்காக, மகனுக்காக, இரவில் இங்கே கையேந்தும் பெண்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! அந்தத் துஆ தனிமையில் கேட்கப்படுவதாக எண்ண வேண்டாம். அருகில் ஆமீன் சொல்ல ஒருவர் இருக்கிறார்.

அஞ்ச வேண்டிய ஆமீனும் ஒன்று உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறும்போது மூன்று படிகளிலும் ஆமீன் சொன்னார்கள். தோழர்கள் காரணம் கேட்டபோது, ஜிப்ரீல் (அலை) வந்து மூவருக்கு எதிராக துஆச் செய்ததாகவும், அதற்குத் தாம் ஆமீன் சொன்னதாகவும் விளக்கினார்கள். ரமளானை அடைந்தும் மன்னிப்புப் பெறாதவர். முதுமையில் தாய் தந்தையரைப் பெற்றிருந்தும் அவர்களால் சுவர்க்கத்தை அடையாதவர். நாயகம் (ஸல்) அவர்களின் பெயரைக் கேட்டும் ஸலவாத்துச் சொல்லாதவர் ஆகியோரே அம்மூவர். இப்னு ஹிப்பான், ஹாகிம் முதலானோர் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஜிப்ரீல் கேட்க, நபிகள் (ஸல்) அவர்கள் ஆமீன் சொன்ன துஆ! வீட்டுத் திண்ணையில் வயதான அத்தாவோ அம்மாவோ தனியே அமர்ந்திருந்தால், இந்த ஆமீன் நம் நினைவுக்கு வர வேண்டும்.

முத்திரை

அபூதாவூதில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பேச்சு உண்டெனினும் பொருள் அழகானது. ஆமீன் என்பது கடிதத்தின் மீது இடப்படும் முத்திரை போன்றது என்று அபூஸுஹைர் (ரலி) என்ற ஸஹாபி சொல்வார்களாம். இது போன்ற ஓர் எச்சரிக்கையை யூத அறிஞர்களும் தம் சமூகத்தாருக்குச் செய்திருக்கிறார்கள். எந்த வேண்டுதலுக்கென்று அறியாமல் சொல்லப்படும் ஆமேனை அவர்கள் ‘அநாதை ஆமேன்’ என்று தல்மூது என்ற நூலில் குறிப்பிட்டார்கள். நமக்கும் அது உறைக்க வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் பத்திரத்தில் கைநாட்டு வைப்பவனை நாம் புத்திசாலி என்போமா?

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் மூன்று காரியங்களைச் செய்வோம். முதலாவது, ஸூரத்துல் ஃபாத்திஹாவின் பொருளை இந்த வாரத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். அதில் நாம் கேட்பது ஒன்றே: நேரான வழியைக் காட்டு, உன் அருளைப் பெற்றோரின் வழியைக் காட்டு, உன் கோபத்துக்கு ஆளானவர்களின் வழியிலும் வழிதவறியவர்களின் வழியிலும் எங்களை விட்டுவிடாதே. நம் ஆமீன் இதற்குத்தான். இரண்டாவது, துஆ ஓதும் ஆலிம்கள் அரபியில் ஓதிய பின் சுருக்கமாகத் தமிழிலும் பொருள் சொல்ல முன்வர வேண்டும். ஓதுவிப்பவர்களும் அதைக் கேட்டுப் பெற வேண்டும். மூன்றாவது, நேர்வழியைக் கேட்டு ஆமீன் சொன்னவர் தொழுகை முடிந்ததும் கடைக்குப் போய் எடையில் குறைத்தால், அந்த முத்திரையைத் தாமே உடைத்தவர் ஆவார். ஆமீனும் அமானிதமும் ஒரே வேரில் பிறந்தவை என்பதை அவருக்கு யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இத்தனையையும் எளிய சொற்களில் அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அடுத்த நாள் மஃரிபுக்குப் பின், கேள்வி கேட்ட சிறுவன் என்னருகில் வந்து, “ஹஜ்ரத், இன்னைக்கு நேர்வழி காட்டச் சொல்லி ஆமீன் சொன்னேன்” என்றான். அவன் வயதில் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

யா அல்லாஹ்! நாங்கள் கேட்பது இன்னதென்று அறிந்து கேட்கும் அறிவைத் தருவாயாக! எங்கள் நாவின் ஆமீனோடு எங்கள் உள்ளத்தையும் சேர்த்து வைப்பாயாக! எங்கள் பள்ளிவாசல்களில் பிணக்கை நீக்கி, மலக்குகளின் ஆமீனோடு எங்கள் ஆமீனையும் ஒத்துப்போகச் செய்வாயாக! எங்கள் பெற்றோரையும் பிள்ளைகளையும் பொருந்திக்கொள்வாயாக!

ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!